சவுக்காரம் படாத சீலை

பின்னேரம் மூன்று இருபதுக்கு எரிந்த மணம் வந்தது.

நேரத்தைக் குறித்துச் சொன்னவர் பஸ்தியாம்பிள்ளை. முப்பத்தொரு வருஷம் புகையிரதக் கடவையில் கேற் காவலராக இருந்தவர். இப்போது தன்னாமுனையில் தன் வீட்டின் பக்க அறையில் மல்லாந்து கிடந்தார். கிணற்றடியில் வழுக்கி விழுந்து வலது தொடை முறிந்திருந்தது. எதிர்ச் சுவரில் மணிக்கூடு இருந்தது. பார்ப்பதற்கு வேறு ஒன்றும் இல்லை.

மறுநாள் காலை முத்தலிப் ஏறாவூரிலிருந்து சைக்கிளில் வந்தான். அந்த வீட்டுக்கு வயர் இழுத்தவன் அவன்தான். 1965 மார்கழி. பத்து நாளாக வெயில் இல்லை. கொடிகளில் கிடந்த துணியெல்லாம் பூசணம் பிடித்திருந்தது. இந்த வீட்டுக் கொடியில் ஒன்றும் இல்லை. இங்கே துணி காயவைக்கும் மெசின் இருந்தது.

அணைக்கட்டு வேலைக்கு வந்த வெள்ளைக்கார இஞ்சினியர் ஒருவர் ஊர் திரும்பும்போது தன் ஜீப் சாரதிக்குக் கொடுத்துவிட்டுப் போன மெசின். சாரதி மத்தேயு, பஸ்தியாம்பிள்ளையின் ஒரே மகன். அவன் இப்போது கொழும்பில் இருந்தான். மெசின் விறாந்தை மூலையில், பக்க அறைச் சுவரோடு ஒட்டி நின்றது. வெள்ளை எனாமல். இடுப்பளவு உயரம். உள்ளே ஒரு பீப்பா சுழலும். சூடான காற்று துணியின் ஈரத்தை எடுத்துக்கொண்டு தகரக் குழாய் வழியாக வெளியே போகும்.

பஸ்தியாம்பிள்ளையின் மனைவி எமிலி வாசலில் நின்றாள். ஐம்பது வயது. மெலிந்த உடம்பு.

"முதல்ல அவரை வந்து ஒருக்காப் பாருங்க தம்பி. புறகு மிசினைப் பாருங்க."

அறைக்குள் ஒரு கட்டில், ஒரு கதிரை. கட்டில் பெரியது. அறைக்குள் வைத்துப் பொருத்தியது, வாசலால் போகாது. யன்னலுக்கு இரும்புக் கம்பி. பஸ்தியாம்பிள்ளையின் வலது கால் இடுப்பிலிருந்து கணுக்கால் வரை, முறிவுக்குக் கட்டிய மூங்கில் பத்தைகளுக்குள் இருந்தது. இரண்டு பக்கமும் மணல் பை. கட்டில் விரிப்பு நிலம் வரை தொங்கியது.

"வா மனே" என்றார் பஸ்தியாம்பிள்ளை. "உன்ட வெள்ளைக்காரப் பொண்டாட்டிக்குச் சுகமில்ல."

"என்ட பொண்டாட்டி ஏறாவூரில இரிக்கா அண்ணன். இது உங்கட மருமகள்."

"அப்ப சீதனத்தோட திருப்பி அனுப்பு."

எமிலி சிரிக்கவில்லை.

"பின்னேரத்தில நான் கோயிலுக்குப் போறன் தம்பி. புள்ளைகளுக்கு நத்தார்ப் பாட்டுப் பழக்கணும். நாய் பூரும் எண்டு வெளியால பூட்டிப்போட்டுத்தான் போறன். ரெண்டரைக்குப் போனா நாலரையாகும். அந்த நேரத்துக்குள்ள இது பத்தினா இவர் என்ன செய்வார்?"

"பொரிவன்" என்றார் பஸ்தியாம்பிள்ளை. "நீ வந்து எலும்பு சரியாப் பொருந்தியிருக்கா எண்டு பாரு."

"வாயக் கழுவுங்க."

முத்தலிப் மணல் பைகளைப் பார்த்தான். யன்னல் கம்பியைப் பார்த்தான். வாசலின் அகலத்தைப் பார்த்தான். பிறகு விறாந்தைக்குப் போனான்.

மெயின் சுவிச்சை நிறுத்தினான். மெசினின் பின் தகட்டைக் கழற்றினான். காற்றுக் குழாயைக் கழற்றித் தலைகீழாகத் தட்டினான். ஒன்றும் விழவில்லை. கையை விட்டான். பஞ்சு. துணியிலிருந்து உதிர்ந்த நூல்தூசு ஈரத்தில் படிந்து, காய்ந்து, குழாயை முக்கால்வாசி அடைத்திருந்தது. இரண்டு கை நிறைய இழுத்து எடுத்தான். ஓரிடத்தில் அது தவிட்டு நிறமாகிக் கருகியிருந்தது.

"இதுதான்" என்றான்.

ஒரு பிடி பஞ்சை முற்றத்துக்குக் கொண்டுபோய்த் தாழ்வாரத்தின் கீழ் வைத்துக் குச்சி கொளுத்தினான். பஞ்சு இருந்த இடம் தெரியாமல் போனது. சாம்பல்கூட மிஞ்சவில்லை. எமிலி நெற்றியிலும் நெஞ்சிலும் சிலுவை போட்டுக்கொண்டாள்.

"இவ்வளவு கெதியாவா?"

"காத்துப் போற வழி அடைச்சா சூடு உள்ளுக்க நிக்கும். அதான் கருகின. இனி கிழமைக்கொருக்காக் கழற்றித் தட்டுங்க."

பீப்பாவுக்குள் கையைவிட்டுத் தடவினான். விரல் ஒட்டியது. மோந்து பார்த்தான்.

"உள்ளுக்க என்ன போடுறீங்க அக்கா?"

"துணிதான். அவர்ட சாரன், பெற்சீற்."

"எண்ணெய் பிடிச்சிரிக்கி."

"தலைக்கு எண்ணெய் வைக்கிறவர்தானே. தலகாணி உறை."

அதுவரை அறைக்குள்ளிருந்து ஏதாவது ஒரு பேச்சு வந்துகொண்டே இருந்தது. இப்போது வரவில்லை.

"சவுக்காரம் ஒரு துண்டு தாங்க. துடைச்சு விடுறன்."

"சவுக்காரம் இல்ல தம்பி. வெந்நி தாறன்."

"எண்ணெய்க்கு வெந்நி காணாது."

"முடிஞ்சு போச்சு."

கிணற்றுக் கட்டில் ஒரு முழுக் கட்டி சவுக்காரம் இருந்தது. முத்தலிப் அதை வரும்போதே கண்டிருந்தான். வெந்நீரில் துணியை நனைத்துத் துடைத்தான். பாதிதான் போனது. எல்லாவற்றையும் பூட்டி, இரண்டு ஈரப் பெற்சீற்றைப் போட்டு அரை மணித்தியாலம் ஓடவிட்டான். சூடு அளவாக இருந்தது. மணம் இல்லை.

"பயப்பட ஒண்டுமில்ல" என்றான்.

புதன்கிழமை பின்னேரம் மூன்று நாற்பத்தைந்துக்கு மறுபடியும் மணம் வந்தது.

வியாழன் காலை எட்டுக்கு முத்தலிப் வந்தான். இம்முறை மெசினை விறாந்தை நடுவுக்கு இழுத்து, முழுவதும் பிரித்தான். மோட்டரின் சுருளை மோந்து பார்த்தான். பீப்பாவைச் சுற்றும் பெல்ட்டை விரலால் அழுத்தினான். வழுக்கவில்லை, தேயவில்லை. சூடாக்கும் கம்பிச் சுருளில் ஒரு பொட்டுக் கரி இல்லை. குழாய் துப்பரவாக இருந்தது. சுவரில் தானே இழுத்த வயரைப் பார்க்க, பலகைப் பட்டியைக் கழற்றினான். இரண்டு சாண் நீளத்துக்குக் கறையான் ஏறியிருந்தது. வயர் புதிதாக இருந்தது.

அதுதான் அவனைக் கலக்கியது. கெட்டது ஏதாவது கண்ணில் பட்டிருந்தால் மாற்றிவிட்டுப் போயிருப்பான்.

அறை வாசலில் போய் நின்றான்.

"அண்ணன், மணம் வரக்குள்ள மிசின் ஓடினதா?"

"இல்ல மனே. மிசின் ஒண்டரைக்கே நிண்டிரும். மணம் வாற மூண்டுக்குப் புறகு."

"ஓடக்குள்ள ஒரு நாளும் மணக்கல்லையா?"

"இல்ல."

"எப்பிடி மணம்? ரப்பர் எரிஞ்ச மாதிரியா, துணி எரிஞ்ச மாதிரியா?"

பஸ்தியாம்பிள்ளை கூரையைப் பார்த்து யோசித்தார்.

"மீன் பொரிச்ச சட்டிய அடுப்பில மறந்துட்டா ஒரு மணம் வருமே. அது."

"அவருக்கு மூக்குச் சரியில்ல தம்பி" என்றாள் எமிலி, குசினியிலிருந்து. "தடிமன்."

"எனக்கா தடிமன்? கேற்றில நிண்ட காலத்தில எஞ்சின் வாறத்துக்கு முந்தியே கரி மணம் பிடிச்ச ஆள் நான்."

"அப்ப உங்களுக்குத்தான் எல்லாம் தெரியும்."

முத்தலிப் அறைக்குள் ஒரு அடி வைத்தான். அங்கே எண்ணெய் வாடை கனமாக இருந்தது. நோயாளி கிடக்கும் அறை அப்படித்தான் இருக்கும் என்று நினைத்தான். சுவரில் கையை வைத்துப் பார்த்தான். குளிர்ந்திருந்தது.

"கட்டிலுக்குக் கீழ ஏதாவது இரிக்கா? வயர் அந்தப் பக்கத்தாலயும் போகுது."

எமிலி கையில் அகப்பையோடு வந்துவிட்டாள்.

"அவர்ட சாமான்தான். பழஞ் சாமான். அங்கால வயர் ஒண்டும் இல்ல தம்பி."

அவன் பின்வாங்கினான். பிறர் வீட்டில் படுக்கை அறை. நோயாளியின் கட்டில். கீழே என்னென்ன பாத்திரம் இருக்கும் என்று யாருக்குத் தெரியும்.

பின் விறாந்தைக் கயிற்றில் ஒரு சீலைத் துண்டு தொங்கியது. நாலு விரல் அகலம், நீளம் பத்து முழம் இருக்கும். வெள்ளைத் துணி. நடுவில் மட்டும் தேயிலைச் சாயம் பட்டதுபோலப் பழுப்பு. அவன் அதைப் பார்ப்பதை எமிலி பார்த்தாள். உருவி எடுத்து மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டாள்.

"நான் நிண்டு பாக்கப்போறன் அக்கா" என்றான் முத்தலிப். "மூண்டு, நாலு மணி மட்டும் நிக்கன். மணம் வாற நேரம் கண்ணால பாத்தாத்தான் விளங்கும்."

"வேணாம்."

"அப்பிடி வேலை ஒண்டும் இல்ல எனக்கு."

"பன்ரெண்டு மணிக்கு அவரைத் துடைச்சு உடுப்பு மாத்தணும். வேற ஆம்பிளையள் நிக்கேலா."

"நான் வெளியால நிக்கன்."

"தம்பி." அவள் குரல் தாழ்ந்தது. "அவருக்கு வெக்கம்."

அறைக்குள்ளிருந்து பஸ்தியாம்பிள்ளை, "ஓம் மனே. எனக்குச் சரியான வெக்கம்" என்றார். பகிடிக் குரல் இல்லை.

முத்தலிப் மெயின் பெட்டியைத் திறந்தான். மெசினுக்குப் போகும் பியூஸைப் பிடுங்கிச் சட்டைப் பைக்குள் போட்டான்.

"நாளைக்கு ஜும்ஆத் தொழுகை முடிஞ்சு வாறன். அதுவரைக்கும் மிசின் ஓடாது. ஓடாட்டி எரியாது. நீங்க நிம்மதியாப் பாட்டுப் பழக்குங்க."

எமிலி மெசினைப் பார்த்தாள்.

"ஒரு நாளைக்கு ஓடாட்டி என்ன அக்கா? பெற்சீற்தானே."

"ஓம்" என்றாள். "பெற்சீற்தான்."

வெள்ளி காலை பாண்காரன் தகவல் கொண்டுவந்தான். அவன் டவுன் பேக்கரியில் பாண் எடுத்து வழிநெடுக விற்றுக்கொண்டு ஏறாவூருக்கு வருகிறவன். சைக்கிளிலிருந்து இறங்காமலே சொன்னான்.

"தன்னாமுனைக் கேற்காரர் சொல்லச் சொன்ன. நேத்து மூண்டு பத்துக்கும் மணந்ததாம். முந்தின நாளையவிடக் கூடவாம். பியூஸ் உங்கட பையில, மணம் தன்ட வீட்டில, இதென்ன வித்தை எண்டு கேக்கச் சொன்ன."

முத்தலிப் பையிலிருந்து பியூஸை எடுத்து உள்ளங்கையில் வைத்தான். வெள்ளைப் பீங்கான். இரண்டு பித்தளை நுனி. நேற்றுப் பதினொன்றரைக்குப் பிடுங்கியது. அதற்குப் பிறகு அந்த மெசினுக்கு மின்சாரம் போக வழியே இல்லை.

"வேற ஏதும் சொன்னாரா?"

"சிரிச்ச. ஆனா முகம் சரியில்ல."

பள்ளியில் தொழும்போது அவனுக்கு ஓதியது ஒன்றும் நிலைக்கவில்லை. கறண்ட் இல்லாத இடத்தில் கறண்டால் தீ வராது. அடுப்பு வீட்டின் மறு பக்கம். லாம்பு கொளுத்துவது பொழுதுபட்ட பிறகு. மூன்று மணிக்கு அந்த அறையில் எரிய என்ன இருக்கிறது?

வீட்டுக்கு வந்து சோற்றின் முன் உட்கார்ந்தான். மனைவி ஸைனம்பு மீனாணம் ஊற்றினாள். அவனுடைய நேற்றைய சட்டை மூலையில் கிடந்தது. அதைக் காலால் ஒதுக்கினாள்.

"அந்தக் கேற்காரருக்குச் செட்டிபாளையத்து ஆச்சிப்பிள்ளையா முறிவுக்குக் கட்டுறா?"

"தெரியா. ஆஸ்பத்திரியில கால மாசக் கணக்காத் தொங்கப் போடணும் எண்டாங்களாம். வேணாம் எண்டு வந்துட்டார்."

"அப்ப ஆச்சிப்பிள்ளைதான். உங்கட சட்டை நாறுது. என்ட கூடப்பிறந்த காக்காட கை முறிஞ்ச நேரம் வீடெல்லாம் இதே நாத்தம்."

அவன் நிமிர்ந்தான்.

"என்ன நாத்தம்?"

"அவட எண்ணெய்தான். நல்லெண்ணெயும் சுறா எண்ணெயும் சரி பாதி. அதுக்குள்ள வேர் என்னமோ."

"அந்த அக்கா ஒண்டும் சொல்லல்லயே."

"எப்பிடிச் சொல்லுவா? மருந்த வாயால சொன்னா எலும்பு பொருந்தாது. காக்கா நாப்பது நாளும் எங்களுக்கே வாய் திறக்கல்ல. நாப்பத்தோராம் நாள்தான் சொன்ன."

"அந்த எண்ணெய்ச் சீலைய என்ன செய்யிற? கழுவுறல்லையா?"

"பகலைக்கு அவிழ்த்து வெந்நில அலசுற. சவுக்காரம் படப்படா, பட்டா மருந்து செத்துப்போகும். காய வெச்சு, சூடு ஆற முதல் இறுக்கிச் சுருட்டி உமிப் பெட்டிக்குள்ள தாட்டு வைக்கிற. பொழுதுபட்டு மஃரிபு நேரம் எடுத்து, இன்னும் எண்ணெய் ஊத்தி, சூட்டோட கட்டுற. பெட்டி நோவுக்காரர்ட பக்கத்திலயே இரிக்கணும். விலகப்படா."

"எதில காய வெச்ச?"

"வெயிலிலதான். வேற எதில?"

முத்தலிப்பின் கை சோற்றில் நின்றது.

வாவிக் கரையில் தோணிக்குச் சுறா எண்ணெய் பூசுகிறவர்கள் எண்ணெய்த் துணியைக் குவித்து வைப்பதில்லை. மணலில் ஒவ்வொன்றாக விரித்துப் போடுவார்கள். சின்ன வயதில் ஒரு முறை குவியல் ஒன்று தானாகப் புகைந்ததைக் கண்டிருக்கிறான். கிட்ட நெருப்பு இல்லை. ஒருவரும் சுருட்டுக்கூடப் பிடிக்கவில்லை. ஒருவன் ஓடிவந்து காலால் சிதறடித்தான். உள்ளே கறுத்திருந்தது.

வெயிலின் சூடு ஒன்று. மெசினின் சூடு வேறு. அந்தச் சூட்டோடு இறுக்கிச் சுருட்டி, உமிக்குள் புதைத்தால் சூடு எங்கே போகும்? உள்ளேயே இருந்து ஏறும். நேற்று மெசின் ஓடவில்லை. நேற்று அவள் வேறு எதனாலோ காயவைத்திருக்கிறாள்.

கட்டிலுக்குக் கீழே பழஞ் சாமான்.

"மணி என்ன?"

"ரெண்டு. சோறு கிடக்கு."

"மூடி வை."

மழை தூறிக்கொண்டிருந்தது. எதிர்க்காற்று. மயிலம்பாவெளி தாண்டும்போது தூறல் மழையானது. அவன் எழுந்து நின்று மிதித்தான். தெருவில் ஆட்கள் இல்லை. ஒரு மாட்டு வண்டி, சாக்கைத் தலையில் போட்ட ஒரு கிழவர். அவர் ஏதோ கேட்டார். அவன் நிற்கவில்லை.

வீட்டு முன்கதவில் பூட்டுத் தொங்கியது. தூரத்தில், கோயில் பக்கம், பிள்ளைகள் ஒரே அடியைத் திரும்பத் திரும்பப் பாடிக்கொண்டிருந்தார்கள்.

அவன் பக்க யன்னலுக்கு ஓடினான்.

"அண்ணன்!"

"ஆரு, முத்தலிபா? பியூஸ் கொண்டுவந்தியா?"

"அக்காக்கிட்டயா பூட்டுத் திறப்பு?"

"அவட மடியில. ஏன் மனே மூச்சு வாங்குது, நாய் துரத்தினதா?"

"கட்டிலுக்குக் கீழ இரிக்கிற பெட்டியில என்ன?"

பஸ்தியாம்பிள்ளை முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டார்.

"எனக்குத் தெரியும் அண்ணன். ஆச்சிப்பிள்ளைட சீலை."

"நான் சொல்லல்ல." சட்டென்று வந்தது. "நான் ஒண்டும் சொல்லல்ல. எமிலியும் சொல்லல்ல. நீயாத்தான் சொன்ன. அதுக்கு நாங்க பொறுப்பில்ல."

"அது பத்தப்போகுது."

"மிசின்தான் மணக்குது."

"மிசினில கறண்ட் இல்ல அண்ணன்."

கட்டில் விரிப்பின் ஓரத்திலிருந்து ஒரு நூல் அளவு புகை வந்து நிலத்தோடு படர்ந்தது. மல்லாந்து கிடப்பவருக்கு அது தெரியாது. யன்னலில் நின்ற முத்தலிப்புக்குத் தெரிந்தது. இரண்டு கம்பிகளைப் பிடித்து உலுப்பினான். அசையவில்லை. வீடு கட்டியவன் நன்றாகத்தான் கட்டியிருந்தான்.

முன்கதவுக்கு வந்தான். பூட்டு தடித்தது. கொண்டி மூன்று திருகாணியில் நின்றது. ஸ்குறூ டிறைவரை வைத்துத் திருகினான். முதலாவது வந்தது. இரண்டாவது துருப்பிடித்து வாய் தேய்ந்தது. நுனியைக் கொண்டிக்கு அடியில் செருகி முழுப் பாரத்தையும் போட்டான். பலகை நீளமாகப் பிளந்தது. கதவு திறந்தது.

உள்ளே போகவில்லை. முதலில் கிணற்றுக்கு ஓடி வாளியில் தண்ணீர் அள்ளினான். தூக்கிக்கொண்டு விறாந்தையால் வந்தான். மெசினின் மேல் கரி அயன் இருந்தது. போகிற போக்கில் அதைத் தொட்டான். இன்னும் வெதுவெதுப்பு. அதன் பக்கத்தில் எண்ணெய்க் கறை.

அறையில் கண் எரிந்தது. மணம் இப்போது மறைவாக இல்லை. மீன் எண்ணெயும் கருகிய பருத்தியும்.

"கதவ உடைச்சிட்டியே" என்றார் பஸ்தியாம்பிள்ளை. "அவ வந்து உன்னைத் திண்ணப்போறா."

முத்தலிப் வாளியை வைத்து முழங்காலில் இருந்தான். விரிப்பைத் தூக்கினான். பலகைப் பெட்டி. ஒரு முழ நீளம். முறிந்த காலுக்கு நேர் கீழே, சுவரோடு தள்ளி வைத்திருந்தாள். பக்கப் பலகையில் வார்னிஷ் கொப்பளித்திருந்தது. மூலைப் பொருத்தால் உமி கசிந்து நிலத்தில் சிறு குவியலாகக் கிடந்தது. உமி கறுப்பு.

மூடியைத் திறந்தால் காற்றுப் போகும். காற்றுப் போனால் பிடிக்கும். மேலே பஞ்சு மெத்தை. மூடியோடு வெளியே இழுத்து, முற்றத்துக்குக் கொண்டுபோய், மழையில் வைக்க வேண்டும். வேறு வழி இல்லை. வயிற்றில் படுத்துக் கையை உள்ளே நீட்டினான். விரல் பெட்டியில் பட்டதும் எடுத்துவிட்டான். தோளில் கிடந்த துவாயை வாளியில் நனைத்துக் கையில் சுற்றிக்கொண்டு மறுபடி நீட்டினான்.

மேலேயிருந்து ஒரு கை வந்து அவன் முழங்கையைப் பிடித்தது.

"எடுக்காத மனே."

"அண்ணன், பெட்டி சுடுது. கைய வைக்க ஏலாம இரிக்கி."

"சுடத்தான் வேணும். சுட்டாத்தான் மருந்து. இண்டைக்கு முப்பத்து மூண்டாம் நாள். இன்னும் ஏழு நாள்தான்."

"உங்களுக்குப் புகை தெரியல்லயா?"

"ஒவ்வொரு நாளும் மணந்ததுதானே. ஒரு நாளாவது பத்தினதா? ஆறு மணிக்கு அவ எடுத்துக் கட்டுவா. சீலை சிவந்துதான் வரும். நோவ இழுக்குது எண்டு ஆச்சிப்பிள்ளை சொன்ன."

"அது நோவில்ல அண்ணன். கருகினது."

"பெட்டி விலகப்படா. தண்ணி படப்படா. பட்டா முதல்ல இருந்து நாப்பது நாள். எனக்கு ஏலாது மனே. நான் இன்னொரு நாப்பது நாள் இந்தக் கூரையப் பாக்கமாட்டன்."

பிடி இறுகியது. முத்தலிப் இழுத்தான். இழுத்தால் கட்டிலில் கிடந்த உடம்பும் சேர்ந்து அசைந்தது. மணல் பை ஒன்று சரிந்தது. பஸ்தியாம்பிள்ளை பல்லைக் கடித்தார். கையை விடவில்லை.

"விரல் அசையுது" என்றார். "இண்டைக்குக் காலமதான் கண்ட. எமிலிக்கும் சொல்லல்ல. நீ எழும்பிப் பாரு. பெருவிரலப் பாரு."

நிலத்தில் கிடந்தபடியே முத்தலிப் தலையைத் திருப்பினான். பத்தைகளுக்கு வெளியே ஐந்து விரல்கள் தெரிந்தன. பெருவிரல் மெல்ல மடங்கி நிமிர்ந்தது. மறுபடியும் மடங்கியது.

கட்டிலுக்குக் கீழே, பெட்டிக்குள், உமி இறங்கும் சத்தம் கேட்டது. மூடிக்கும் பக்கப் பலகைக்கும் நடுவில் ஒரு சிவந்த கோடு ஓடியது.

"அண்ணன், கைய விடுங்க."